மணிக்கு இரண்டு சுற்று

2022 நவம்பர் 10, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. மழை. ஆறு மணிக்குப் பிடித்தது; கொட்டவும் இல்லை, விடவும் இல்லை. முற்றத்தில் கவிழ்க்க மறந்த அலுமினியச் சட்டியில் மூன்று விரற்கடைத் தண்ணீர் நின்றது. அந்த நிமிடத்தில்தான் பின்வீட்டில் குடியிருந்தவனின் இடது கையில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, பைப் ரெஞ்சால் ஓங்கி அடித்தேன். பச்சை முருங்கைக் கொம்பு முறிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. முதல் அடி என்னுடையது. போலீஸ் ஸ்டேஷனில் வேறு மாதிரி எழுதிக் கொடுத்தேன். இங்கே உள்ளபடி எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருடம் மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவன். அந்த வேலையில் என்னை அடித்தவர்கள் ஒன்பது பேர். கடித்த நாய்கள் ஆறு. நான் திருப்பி அடித்தது நான்கு பேரை. திசையன்விளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், பாக்கிக்காக பியூஸைப் பிடுங்கியபோது, தோட்டக்காரன் மண்வெட்டிக் காம்பால் என் விலாவில் போட்டான். நான் அவன் பெருவிரலைக் கடித்தேன். நகம் வாயோடு வந்துவிட்டது. மேலதிகாரி விசாரித்தபோது ரீடிங் சரியா என்று மட்டும்தான் கேட்டார். சரி என்றேன். அதோடு முடிந்தது. ரீடிங் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் மன்னிக்கப்படும் என்று அன்று மனதில் பதிந்தது, பிறகு நகரவில்லை.

பாளையங்கோட்டையில் என் வீடு மூன்று பாகம். முன்பகுதியில் நானும் என் மகளும். மாடியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவன், முப்பது வயது. பின்பகுதியில் உவரிக்காரன், நாற்பத்தைந்து வயது. விடியுமுன் மீன் ஏற்றி வந்து மார்க்கெட்டில் விற்றுவிட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்புவான். அவன் மனைவி வெளிநாட்டில் நர்ஸ். மூன்று பாகத்துக்கும் தனித்தனி சப் மீட்டர் வைத்திருந்தேன். இன்டர்நெட் லைன் மட்டும் ஒன்று. மூன்று வீட்டுக்கும் அதிலிருந்தே கேபிள் போகும்.

என் மகள் கணவனைப் பிரிந்து வந்தவள். வரும்போது இரண்டு பெட்டியும் அந்த வேலையும்தான் அவளிடம் இருந்தன. சென்னைக் கம்பெனி. வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பேசுவாள். அந்த மாதம் அவள் குரல் அறுந்து அறுந்து போயிற்று. மூன்று புகார் வந்துவிட்டது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு கூட்டம், அதிலும் குரல் போனால் வெள்ளிக்கிழமையோடு வேலை இல்லை என்று அவள் மேலாளர் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கம்பெனிக்காரன் என்ன சொல்லுதான்?" என்று கேட்டேன். லைன் கொடுத்த கம்பெனியைச் சொன்னேன்.

"லைன் சுத்தமா இருக்குங்கான். ஒங்க வீட்டுக்குள்ளயே யாரோ இழுக்காங்க, அதைப் பாருங்கங்கான்."

"எவன்னு கண்டுபிடிச்சிருவோம்."

"அப்பா, வியாழக்கிழமைக்குள்ள."

"ரெண்டு நாள் போதும் எனக்கு."

எங்கள் ரவுட்டர் சாதாரண வீட்டு ரவுட்டர் இல்லை. ஜங்ஷன் பக்கம் பழைய சாமான் கடையில் வாங்கிய, ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட பெட்டி. வீட்டுக்கு ஒரு போர்ட், வெளியே போகிற லைனுக்கு ஒரு போர்ட். ஒவ்வொரு போர்ட்டிலும் எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் எண்கள் தெரியும். அதைப் பார்த்தே நான் அதை வாங்கினேன்.

அந்தப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு சதவீதம் போட்டிருந்தது. வெளிலைன் உபயோகம், இரண்டு சதவீதம். மகளின் குரல் பக்கத்து அறையில் அறுந்துகொண்டிருக்கும்போதும் அது இரண்டுதான். எரிச்சலில் பெட்டியைச் சுவரில் அடித்து உடைக்கலாமா என்றிருந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். சதவீதம் என்றால் எதில் எத்தனை? அந்தப் பெட்டி ஐந்து நிமிடச் சராசரியை எடுத்து அதன் போர்ட்டின் வேகத்தால் வகுக்கிறது. போர்ட்டின் வேகம் நொடிக்கு ஆயிரம் மெகாபிட். நாங்கள் வாங்கிய லைனிலோ மேலே அனுப்புவதற்கு இருபத்தைந்துதான். கம்பெனிக்காரன் எவ்வளவு விடுகிறான் என்று பெட்டிக்குத் தெரியாது. யாராவது அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், எங்களுக்கு விற்ற கடைக்காரன் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆக இருபத்தைந்தும் நிரம்பி வழிந்தாலும் அது ஆயிரத்தில் இருபத்தைந்து, இரண்டரை சதவீதம், இரண்டு என்றே காட்டும்.

இதை நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அந்தச் சதவீதத்தையே தூக்கி எறிந்தேன். அது சொல்லிக்கொண்டிருந்ததைத் திருத்திப் படித்திருந்தால், லைன் முழுக்க நிரம்பிக் கிடக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. பெட்டி போடும் கணக்கு பொய், நான் எடுக்கும் ரீடிங்தான் மெய் என்று முடிவு செய்தேன்.

செவ்வாயும் புதனும், காலை ஒன்பது முதல் சாயங்காலம் ஐந்து வரை, மணிக்கு ஒரு ரீடிங். நோட்டில் நான்கு பத்தி. மகளின் குரல் மேலே போகிற திசைதான் பிரச்சினை என்பதால், ஒவ்வொரு வீடும் பெட்டிக்குள் அனுப்புகிற எண்ணையும், வெளிலைனில் வெளியே போகிற எண்ணையும் மட்டும் எடுத்தேன். போன மணி நேரத்து எண்ணை இந்த மணி நேரத்து எண்ணிலிருந்து கழித்தால் அந்த மணி நேரத்துச் செலவு. மின்சார மீட்டர் மாதிரியேதான்.

செவ்வாய் மதியம் ஒரு ரீடிங் முந்தியதைவிடக் குறைவாக வந்தது. வேறொருவன் என்றால் பயந்திருப்பான். எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய மீட்டர் 99999-க்குப் பிறகு 00000-க்குப் போகும். இந்தப் பெட்டியின் எண்ணிக்கை நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து வரை போய் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். ஜிபியில் சொன்னால் ஏறக்குறைய நாலு புள்ளி மூன்று. எண் குறைந்தால் ஒரு சுற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எத்தனை மீட்டரில் கூட்டியிருக்கிறேன்! கூட்டினேன். ஒரு சுற்று. ஒரு வீட்டு மீட்டர் இரண்டு மாதத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினால் அந்த வீடு எரிந்துபோயிருக்கும். அதனால் இரண்டாவது சுற்று என்ற ஒன்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

முடிவு இப்படி வந்தது. மணிக்குச் சராசரியாக, மாடி வீடு 0.4 ஜிபி. எங்கள் வீடு 0.9. பின்வீடு 1.3. மூன்றையும் கூட்டினால் 2.6. வெளிலைனில் நான் எடுத்த ரீடிங்கும் 2.6. அணா பைசா சுத்தமாக ஒத்துப்போயிற்று. முப்பத்தொரு வருடத்தில் மெயின் மீட்டரும் சப் மீட்டர்களும் இப்படி ஒத்து நான் பார்த்ததில்லை. எப்போதும் லைன் லாஸ் என்று கொஞ்சம் விழுங்கும். இங்கே அதுவும் இல்லை. பாதி உவரிக்காரனுடையது. மொத்தம் 2.6 என்பது லைனில் கால்வாசிதானே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் மணிக்கணக்குச் சராசரியில் உச்சம் மறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்த உச்சங்களில் இவன்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

புதன்கிழமை ஐந்தரைக்குப் பின்வீட்டுக்குப் போனேன். அவன் பாயில் மல்லாந்து கிடந்தான். போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்திருந்தான். திரையில் அவன் மனைவி எங்கேயோ ஓர் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. அப்படியே திறந்து வைத்திருப்பது அவர்கள் வழக்கம்.

"அதை அமத்தும்" என்றேன்.

"எதை அண்ணாச்சி?"

"அந்தப் படத்தை. பேசணும்னா பேசிட்டு அமத்தும். நாள் பூரா ஓடுது. மணிக்கு ஒண்ணேகால் ஜிபிக்கு மேல, கணக்கு இருக்கு."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "எம் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கதுக்கும் மீட்டர் மாட்டிட்டீரா?"

"எம் மவ வேலை போயிரும் வே."

"போவாது. நான் பேசுத பேச்சுல ஒம்ம மவ வேலை எப்படிப் போவும்? மாடில கேளும்."

"மாடில பாயிண்ட் நாலுதான். நோட்டைப் பாக்கீரா?"

"ஒம்ம நோட்டைக் கொண்டுபோயி மீன் பொதியும்."

திரையில் இருந்தவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் நான் அவன் குடத்தை உதைத்தேன். போன் தண்ணீரோடு உருண்டது. அவன் என் சட்டையைப் பிடித்துச் சுவரில் ஒருமுறை மோதிவிட்டு, விட்டுவிட்டான். "வயசானவருன்னு விடுதேன். கெளம்பும்" என்றான். முதுகில் ஆணி ஒன்று கிழித்திருந்தது. இரண்டு அங்குலம். அன்று ராத்திரி முழுவதும் எரிந்தது. எரிச்சல் முதுகில் இருந்ததைவிட நோட்டில்தான் அதிகம் இருந்தது: எழுதி வைத்த கணக்கைப் படிக்கக்கூட மாட்டேன் என்கிறானே.

வியாழன் காலை பத்தேமுக்காலுக்கு மகள் தலை வாரி, நல்ல சேலை உடுத்தி, காதில் கம்பியில்லாத ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "அப்பா, ஒரு மணி நேரம் யாரும் லைனைத் தொடாம பாத்துக்கோங்க" என்றாள். உவரிக்காரனிடம் அவளே போய்க் கேட்டிருந்தாள். "தாயி, பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரை அமத்திருதேன்" என்று அவன் சொன்னானாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் கெடுத்துவிடுவேன் என்று பயந்திருக்கிறாள்.

பதினொன்று எட்டுக்கு அவள் குரல் மாறியது. "ஹலோ... கேக்குதா... ஹலோ" என்று மூன்று முறை சொன்னாள். கதவிடுக்கில் பார்த்தேன். வலது கையால் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மழையில் பின்பக்கம் போனேன். பாக்கிக்காரன் பியூஸைப் பிடுங்குவதற்கு யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அவன் வீட்டுக்குள் போகிற கேபிளை ஜன்னலுக்கு மேலே ஒரே வெட்டில் வெட்டினேன். பதினொன்று பன்னிரண்டு. உள்ளே இருந்து அவன் சத்தம். அவன் சொன்னபடி பதினொரு மணிக்கு வீடியோவை நிறுத்தித்தான் இருந்திருக்கிறான். ஆனால் அவன் மனைவிக்கு அன்று காய்ச்சல். அவள் எழுத்தில் ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றுவிட்டது.

நான் முன்பக்கம் திரும்பி வந்து கேட்டேன். மகளின் குரல் அறுந்துகொண்டேதான் இருந்தது. அந்த இடத்தில் நிதானித்திருக்க வேண்டும். வெட்டிய பிறகும் கரண்ட் ஓடினால் வெட்டியது தப்பான ஒயர் என்று புது லைன்மேனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றியது வேறு: அவன் வேறு வழியாக இழுக்கிறான். மோட்டார் அறையிலிருந்து பைப் ரெஞ்சை எடுத்தேன். பதினெட்டு அங்குலம், இரண்டே முக்கால் கிலோ.

அவன் வெட்டுண்ட கேபிள் நுனியைக் கையில் பிடித்தபடி சந்தில் வந்தான்.

"எதுக்கு வே அறுத்தீரு? அவ காச்சல்ல கெடக்கா வே!"

"கள்ளப் பயலே, இன்னும் எதுல இழுக்கே?"

"என்னத்த இழுக்கேன்? ஏ கிழவா, ஒமக்குப் பைத்தியமா?"

அவன் கேபிளை என் முகத்துக்கு நேரே ஆட்டினான். நான் அடித்தேன்.

கை தொங்கியது. அவன் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு வலது கையால் என் வாயில் குத்தினான். மீன்கூடை தூக்கித் தூக்கி உரமேறிய கை. பின்னந்தலை சுவரில் பட்டுக் கண் இருண்டது. வாயில் இரண்டு பல் சிறு கல் மாதிரிக் கிடந்தது. நான் துப்பிவிட்டு மறுபடி ரெஞ்சை வீசினேன். அது அவன் காதைச் சீவிக்கொண்டு போனது. காது மடல் பாதி தொங்கியது. ரத்தம் கழுத்து வழியாக இறங்கி மழைத் தண்ணீரோடு என் காலடிக்கு வந்தது. அவன் என்னைக் கீழே தள்ளி நெஞ்சில் முழங்காலைப் போட்டு, ஒற்றைக் கையால் தொண்டையைப் பிடித்தான். மூச்சு நின்றது. எத்தனை நொடி என்று எண்ணினேன். இருபத்துமூன்று வரை எண்ணிய நினைவு. அவன் முறிந்த கை என் தோளின் மேல் இடித்தபோது அவனே கத்தினான். நானும் அவன் பிடி தளர்ந்ததும் கத்தினேன். ஆடு அறுக்கிற இடத்தில் கேட்கிற சத்தம்.

மகள் ஓடி வந்தாள். "அப்பா! விடுங்க! அண்ணே, விடுங்கண்ணே!" என்று அலறினாள். அவள் காதில் ஹெட்செட் இருந்தது. வாய்க்குப் பக்கத்தில் மைக்கின் சிறு நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தவன் உவரிக்காரன். தொண்டையை விட்டுவிட்டு, "தாயி, காதுல... காதுல" என்றான். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். குரல் அரைகுறையாகப் போனாலும் அலறல் எல்லாருக்கும் புரியும். கூட்டத்தில் பதினோரு பேர் இருந்தார்களாம்.

மாடிக்காரன்தான் ஆட்டோ பிடித்து எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நடுவில் அவன் உட்கார்ந்தான். உவரிக்காரன் ஒரு துண்டால் காதைப் பொத்திக்கொண்டு, வழி முழுக்க என்னைக் கெட்ட வார்த்தையில் வைதுகொண்டு வந்தான். என் வாயில் ரத்தம் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அவனை எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போனார்கள். மாடிக்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு வந்திருதேன். படம் ஏறிட்டிருக்கு, முடிஞ்சிருக்கும்."

"என்ன படம்?"

"நாலு கல்யாணம். சென்னைல எடிட் பண்ணுத பையனுக்கு, ஒரு மாசமா இப்படித்தான் அனுப்புதேன். இது செவ்வாக்கிழமை காலைல எட்டு மணிக்குப் போட்டது. நானூத்தம்பது ஜிபி. நிறுத்தவே இல்ல."

"எவ்வளவு?"

"நானூத்தம்பது அண்ணாச்சி."

என் நோட்டில் மாடி வீட்டுக்கு இரண்டு நாளும் சேர்த்து, பதினாறு மணி நேரத்துக்கு, ஆறரை ஜிபி இருந்தது. பஞ்சு வைத்த வாயோடு நான் அங்கேயே வகுத்தேன். செவ்வாய் எட்டிலிருந்து சண்டை வரை ஐம்பத்தொரு மணி நேரம், நானூற்றைம்பது. மணிக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சுற்று நாலு புள்ளி மூன்று. இருபத்தொன்பது நிமிடத்துக்கு ஒரு சுற்று. நான் ஒரு ரீடிங் எடுத்து மறு ரீடிங் எடுப்பதற்குள் அந்த எண் பூஜ்யத்தை இரண்டு முறை தாண்டி, மூன்றாவது சுற்றில் கொஞ்சம் நடந்து, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது. மிச்சமாக நின்ற அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் 0.4 என்று எழுதியிருக்கிறேன். வெளிலைன் போர்ட்டும் அதே இரண்டு சுற்றைச் சேர்ந்து சுற்றியதால், அங்கேயும் அதே அளவு காணாமல் போயிருக்கிறது. கணக்கு ஒத்துப்போனது அதனால்தான். இரண்டு பக்கமும் ஒரே தப்பு.

மாடிக்காரனை அடிக்கக் கை எழுந்தது, சொல்லத்தான் வேண்டும். அவன் என் கையைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். அவன்மேல் என்ன தப்பு? லைனில் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

நான்கு மணிக்கு மகள் நோட்டோடு வந்தாள். வீட்டுக்குப் போன மாடிக்காரனிடம் கேட்டு அவளும் வகுத்துப் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, என் அடிக்கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க எடுத்திருந்தா சரியா வந்திருக்கும்பா."

"மணிக்கு ஒருக்கத்தான் எடுத்துப் பழக்கம்."

"அந்த ரெண்டு சதவீதம் சரியாத்தான் சொல்லியிருக்கு. எதுல ரெண்டுன்னு மட்டும் நாம மாத்திப் போட்டிருக்கணும்."

"கூட்டம் என்னாச்சு?"

அவள் நோட்டை மூடினாள். "நாளைக்கு மெயில் வரும்."

வந்தது. குரலைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அவளுடைய பணியிடம் பாதுகாப்பாக இல்லை என்று கருதுவதாக எழுதியிருந்தார்கள். அவள் அதை ஒருமுறை படித்துவிட்டு, கம்ப்யூட்டரை அவர்களுக்குத் திருப்பி அனுப்பத் துணியில் சுற்றிக் கட்டினாள். இருபது நாளில் சென்னைக்குப் போய்விட்டாள். பெண்கள் விடுதியில் தங்கி, பழைய சம்பளத்தில் பாதிக்கு வேறு வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவாள். நான் வீடியோவில் வா என்றால், "லைன் நெறைஞ்சிரும்பா" என்பாள். அவள் கேலி செய்கிறாளா என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை.

ஸ்டேஷனில் உவரிக்காரன் புகாரை அழுத்தவில்லை. கையில் தகடு வைத்துக் கட்டியிருந்தது. காதில் ஏழு தையல். எழுத்தரிடம், "கிழவருக்கு ரீடிங் எடுக்கத் தெரியல, அதாம் கேஸு" என்றான். அந்த வார்த்தை, அவன் விட்ட குத்தைவிட ஆழமாக இறங்கியது. ஆஸ்பத்திரிச் செலவும், கூடை தூக்க முடியாத மூன்று மாத வியாபாரமும் நான் கொடுப்பதாக எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மூன்றாம் மாதம் வீட்டைக் காலி செய்தான். போகும்போது அறுந்த கேபிளை என் வாசலில் சுருட்டி வைத்துவிட்டுப் போனான்.

அவன் கைக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு. அவன் வியாபாரத்துக்கு எழுபத்தைந்தாயிரம். என் இரண்டு பல்லுக்குப் பதினோராயிரம். புது கேபிளுக்கு நூற்று நாற்பது. மகளின் வேலைக்கு என்ன எண் போடுவது என்று தெரியாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் சேர்த்து, மூன்று முறை கூட்டிப் பார்த்ததில், ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து ஐநூற்று நாற்பது ரூபாய்.